ஹோலிஹெட் வரும்வரை

தேநீர்க் கொட்டகையின் பலகைமீது சர்க்கரை டப்பாவை முட்டுக் கொடுத்து டெஸ்ஸி தன் செல்பேசியை நிறுத்தி வைத்திருந்தார். ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கில்மோரன் டவுன் கழகத்தின் விசுவாசிகள் ஏழெட்டுப் பேர் காகிதக் கோப்பைகளோடு அந்தச் சின்னத் திரையை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். திரையில் இருந்தவன் அவர்கள் தூக்கி வளர்த்த பையன், ஓரன் டியர்னி. பதினேழு வயதில் இதே மைதானத்தில் முதல் கோல் போட்டவன். அப்புறம் ஸ்காட்லாந்துக்குப் போனான். இப்போது இருபத்தாறு வயதில் இங்கிலாந்தின் ஹால்டன் வாண்டரர்ஸ் கழகம் அவனை எடுத்திருந்தது. புது நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, கேமராவைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பேசினான்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் எட்டு வயசுலேர்ந்து ஹால்டன் பையன். எங்கப்பா என்னைக் கப்பல்ல கூட்டிட்டு வருவாரு. வருஷத்துக்கு நாலு தடவை. சட்டையைப் போட்டு, அதுக்கு மேல கோட்டைப் போட்டு, அக்கரையில ஹோலிஹெட் துறைமுகம் வர்ற வரைக்கும் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏத்தி விட்டுடுவாரு. சளி பிடிச்சுக்கும்னு சொல்வாரு. இறங்கினதும் அவரே கீழ இழுத்து விடுவாரு. இந்தச் சட்டை அவருக்காகத்தான்."

கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. டெஸ்ஸிக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. "ஜிப்பு வரைக்கும் எழுதியிருக்கான்யா! எழுதினவன் கெட்டிக்காரன்!" என்றார். இன்னொருவர், போன வருஷம் ஒரு பயல் பிறந்ததிலிருந்தே ரசிகன் என்று இரண்டு கழகத்தில் சொன்னானே, அவன் அம்மா அவனை இரண்டு தடவை பெற்றாளா என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு. அவர்களுக்கு ஓரன்மேல் கோபமே இல்லை. புதுக் கழகத்துக்குப் போகிற ஆட்டக்காரன் இப்படி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்கிற மாதிரி. யார் நம்புகிறார்கள்?

"நீயே சொல்லு மாலக்கி," என்றார் டெஸ்ஸி. "கப்பலா? நீ குளியல் தொட்டியிலயே குமட்டுறவன்யா."

ஓரனின் அப்பா மாலக்கி டியர்னி கூட்டத்துக்குப் பின்னால், கையில் இருந்த தேநீரைக் குடிக்காமல் நின்றிருந்தார். அறுபத்தொரு வயது, தபால்காரர். அந்தப் படத்தை அவர் செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டார். தபால் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி ஆறு தடவை பார்த்து, ஆறு தடவையும் அழுதிருந்தார். ஏனென்றால் பையன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒரு முகத்திலும் சந்தேகம் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. 'ஆமாம், கூட்டிக்கொண்டுதான் போனேன்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"எழுதிக் குடுத்திருக்காங்க," என்றார் மாலக்கி. "பையன் படிச்சிருக்கான். வேறென்ன செய்வான், பாவம்."

"அதானே!" என்று டெஸ்ஸி அவர் முதுகில் ஒரு அடி வைத்தார்.

கில்மோரனில் பதினோராயிரம் பேர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மைதானத்துக்கு வருகிறவர்கள் நானூறு பேர். மிச்சப் பேருக்கும் கால்பந்து என்றால் உயிர்தான். என்ன, அந்த உயிர் லிவர்பூலிலோ மான்செஸ்டரிலோ கிளாஸ்கோவிலோ இருந்தது. மதுக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து, கடலுக்கு அப்பால் நடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, 'நாம ஜெயிச்சிட்டோம்' என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். சொந்த ஊர்க் கழகம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். நானூறு பேரும் அவர்களை ஸ்டூல்காரர்கள் என்பார்கள். அப்படிச் சொல்லும்போது உதடு கொஞ்சம் கோணும். ஸ்டூல்காரர்களைக் கண்டால் மற்றவர்களுக்குக் கோணுகிறதைவிட மாலக்கிக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கோணும். ஆட்டத்தன்று வாசலில் விற்கும் சிற்றிதழான ஆட்ட மலரில் 'கம்பியோரம்' என்ற தலைப்பில் அவர் இருபத்திரண்டு வருஷமாக எழுதி வருகிறார். ஸ்டூல்காரர்களுக்கு ஒரு குத்து இல்லாமல் ஒரு வாரமும் முடிந்ததில்லை.

அந்த மனுஷன்தான் சின்ன வீடு வைத்திருப்பவனைப் போல ஹால்டனுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா ஹால்டனில் கட்டட வேலை பார்த்தார். ஊருக்கு வந்தது குறைவு, கடிதம் எழுதியது அதைவிடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே ஆட்டம் முடிந்ததும் வெளியாகிற விளையாட்டுத் தாளைச் சுருட்டி அனுப்பிவிடுவார். செவ்வாய்க்கிழமை அது வந்து சேரும். எதிரணிப் பெயர்களைக்கூட மாலக்கி மனப்பாடம் செய்துவிடுவார். அப்பாவிடமிருந்து அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதைக் கைவிட அவருக்கு மனம் வந்ததில்லை. கில்மோரன்மேல் இருந்த அன்பும் பொய்யில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ள அவர் நெஞ்சில் இடம் இருந்தது. முதல் தடவை கொட்டகையில் யாரோ ஸ்டூல்காரர்களைக் கிண்டல் செய்தபோது, இருபத்தைந்து வயது மாலக்கி எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவைத்தார். அந்த ஒரு சிரிப்புக்குப் பிறகு வாயைத் திறக்க முடியாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை இங்கே ஆட்டம், சனிக்கிழமை அங்கே. ஹால்டன் போகிற வழியில் செஸ்டர் நகரத்தில் அவருடைய அக்கா கன்செப்டா இருந்தாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை, கப்பல் ஒத்துக்கொள்ளாது, விமானத்தில் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவார். அக்கா குதிரை மாதிரி இருந்தாள்; எழுபத்திரண்டு வயதில் இன்றைக்கும் நீச்சலடிக்கிறாள். கொட்டகைக்காரர்கள் ஒரு வருஷம் அவளுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்து, பாதிரியார் கையெழுத்துப் போட்ட அட்டையை மாலக்கியின் கையில் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டார். அந்த அட்டை இன்னும் அலமாரியில், சாக்ஸுகளுக்கு அடியில் கிடக்கிறது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவருக்குக் காது சுடும்.

இதெல்லாம்கூட ஒரு மனுஷனின் சில்லறைக் கள்ளத்தனம் என்று விட்டுவிடலாம். கோல்மன் டெவேன் விஷயத்தை அப்படி விட முடியாது.

கோல்மன் பத்தொன்பது வருஷம் இந்த மைதானத்துக்கு வெள்ளைக் கோடு போட்டவர். நூல் பிடித்த மாதிரிக் கோடு. ஓரனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு சனிக்கிழமை கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில், கொதிக்கும் சாக்லேட் குடித்த பையன் வேர்க்கிறது என்று கோட்டைத் திறந்துவிட்டான். வரிசையில் அவனுக்கு முன்னால் லிவர்பூலின் சிவப்புக் கழுத்துத்துண்டோடு கோல்மன் நின்றிருந்தார். நீலச் சட்டையைப் பார்த்தார். மாலக்கியைப் பார்த்தார். "சட்டை நல்லாருக்கே தம்பி," என்று பையனிடம் சொல்லிவிட்டு, கண்ணைச் சிமிட்டி, "அக்கா எப்படி இருக்காங்க மாலக்கி?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஊருக்கு வந்து மூச்சு விடவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, கில்மோரன் ஒரு சனிக்கிழமை தன் பிரிவில் நீடிப்பதா இறங்குவதா என்று ஆடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கோல்மனின் முகம் லிவர்பூல் மைதானத்துக் கூட்டத்தில் தொலைக்காட்சியில் தெரிந்தது. கில்மோரன் தோற்று இறங்கியது. ரசிகர் குழு கூடியது. கோடு போடும் வேலையிலிருந்து அவரை நீக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் மாலக்கி. கோபத்தில் செய்யவில்லை, பயத்தில் செய்தார். தான் முந்திக்கொள்ளாவிட்டால் பேச்சு எங்கே போய் நிற்குமோ என்று பயம். ஏழு கைகள் உயர்ந்தன. கோல்மன் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். எல்லோர் முன்னாலும், சாதாரணக் குரலில், "உன் அக்கா உடம்பு இப்ப எப்படி இருக்கு மாலக்கி?" என்று கேட்டார். பரவாயில்லை என்றார் மாலக்கி. இப்படிப்பட்ட நேரத்திலும் விசாரிக்கிறானே, நல்ல மனுஷன் என்று குழுவில் ஒருவர் பிற்பாடு சொன்னார். பதினைந்து வருஷமாயிற்று. கோல்மன் அதற்குப் பிறகு மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நாயை நடத்திக்கொண்டு மதிலோரமாகப் போவார். உள்ளே சத்தம் எழும்பினால் நாய் நிற்கும், அவர் நிற்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ஸி கூப்பிட்டார். ஆட்ட மலரைத் தயாரிப்பதும் அவர்தான், மைதானத்தில் மைக் பிடிப்பதும் அவர்தான். வருகிற வெள்ளிக்கிழமை ஓரன் ஊருக்கு வருகிறான், இடைவேளையில் மைதானத்துக்கு நடுவில் நிறுத்திக் கைதட்டப் போகிறோம், அதற்கேற்றாற்போல் கம்பியோரத்தில் ஏதாவது எழுது என்றார். "அந்தக் கப்பல் கதையையும் ஒரு பிடி பிடிச்சிடு. சின்னப் பசங்க சில பேரு நிஜம்னு நெனச்சுட்டாங்க. உன் பேருக்கு நல்லாவா இருக்கும்?"

மாலக்கி சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். மூன்று தாள் கிழித்தார். நாலாவதில் அது தானாக வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தன்பாட்டுக்கு ஓடியது. 'என் மகன் சொன்னதைக் கேட்டு உங்களில் சிலர் வருந்தியிருக்கலாம். அது தொழிலுக்காகப் பேசும் பேச்சு. எழுதிக் கொடுத்ததை வாசித்தான், மன்னித்துவிடுங்கள். டியர்னி வீட்டுக் கொடியில் என்றைக்கும் ஒரே சட்டைதான் காய்ந்திருக்கிறது.' கடைசி வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதாக அவருக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் வெட்கமாக இருந்தது.

அவர் மனைவி அட்ராக்டா பாத்திரம் துடைத்த துணியோடு வந்து தோளுக்கு மேலாகப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"காலைல நாலு மணிக்கு எழுந்திரிச்சு உங்க ரெண்டு பேருக்கும் சாண்ட்விச் கட்டினது யாருன்னு அவங்ககிட்ட கேட்டுப் பாரேன்," என்றாள். "அதையும் யாராவது எழுதிக் குடுத்தாங்களா?"

"உனக்குப் புரியாது அட்ராக்டா."

"எனக்கு நல்லாவே புரியுது. அந்தப் பிள்ளைக்கும் புரியப்போகுது. அதான் கவலை."

துணியை அடுப்புக் கம்பியில் போட்டுவிட்டுப் போனாள். மாலக்கி தாளை மடித்து உறையில் போட்டார். தபால்காரருக்கு உறை ஒட்டத் தெரியாதா? ஆனால் இரண்டு தடவை பிரித்து இரண்டு தடவை ஒட்டினார். திங்கட்கிழமை காலை டெஸ்ஸி வீட்டுக் கதவுச் சந்தில் அவரே போட்டார். உறை உள்ளே விழுந்த சத்தம் கேட்டபிறகும் சிறிது நேரம் அங்கேயே நின்றார்.

வெள்ளிக்கிழமை ஊர் பளிச்சென்று இருந்தது. ஜூன் மாத வெயில், ஏழரை மணிக்கும் இறங்க மனமில்லாமல் தகரக் கூரைமேல் நின்றுகொண்டிருந்தது. அறுநூறு பேர் வந்திருந்தார்கள். ஓரன் வாடகைக் காரில் நேராக மைதானத்துக்கு வந்து இறங்கினான். அவன் நல்ல உயரம், அப்பாவைக் குனிந்து கட்டிக்கொண்டான்.

"பாத்தியாப்பா? போன்ல கேட்டா மழுப்புற. அழுதியா இல்லியா?"

"கண்ணுல தூசி."

"ஆறு மாசமா அந்த வார்த்தையை மனசுல வெச்சிருந்தேன். எந்தக் கழகம் எடுத்தாலும் சொல்ல முடியாதில்ல? ஹால்டன் எடுத்தாத்தான் சொல்ல முடியும்." பையன் முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் ஆட்ட மலர் விற்றவரிடம் ஒன்று வாங்கி, சுருட்டி, கோட்டுப் பையில் செருகிக்கொண்டான். நிர்வாகிகள் வந்து அவனை எதிர்ப்பக்க இருக்கைகளுக்கு அழைத்துப் போனார்கள்.

'அதைக் கொடு, நான் பிறகு தருகிறேன்' என்று சொல்லக்கூட மாலக்கிக்கு நா எழவில்லை.

கம்பியோரம் தன் வழக்கமான இடத்துக்கு அவர் நடக்கும்போது மூலைக் கொடிக்கருகில் ஒரு தொப்பி தெரிந்தது. கோல்மன் டெவேன். முடி சுத்தமாக வெளுத்திருந்தது. கையில் மடித்த மலர், இன்னும் திறக்கவில்லை. கீழே புல்லையும் வெள்ளைக் கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"கோடு கோணலா இருக்கு," என்றார்.

"ஆமா," என்றார் மாலக்கி.

"படத்தைப் பாத்தேன். என் பேத்தி காட்டினா. நல்லாப் பேசினான் உன் பையன். எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு." கோல்மன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இனிமே உன் அக்காவைப் பத்திக் கேக்க வேண்டியதில்லைன்னு தோணுச்சு. சரி, உள்ள போய் ஒரு ஆட்டம் பாப்போமேன்னு வந்தேன்."

அப்படியென்றால் இவர் எல்லாம் வெளிவந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மாலக்கியின் கை தானாக நீண்டது. கோல்மன் அதைப் பற்றிக் குலுக்கினார். பெரிய, காய்ப்பு விழுந்த கை. குலுக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மாலக்கி அதைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

முதல் பாதியில் கில்மோரன் ஒரு கோல் போட்டது. எப்படிப் போட்டார்கள் என்று கேட்டால் மாலக்கிக்குச் சொல்லத் தெரியாது. அவர் எதிர்ப்பக்கத்து இருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாவது நிமிடம்போல ஓரன் பையிலிருந்து மலரை எடுத்தான். கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினான். சின்ன வயதிலிருந்தே அவன் கம்பியோரத்தைத்தான் முதலில் படிப்பான். குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. பிறகு நிமிர்ந்து, மைதானத்தைத் தாண்டி, நேராகக் கம்பியோரத்தைப் பார்த்தான். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. ஆனால் பார்க்கிறான் என்று தெரிந்தது. வருஷக்கணக்காகத் தன்னைக் கப்பலில் வேர்க்கவைத்த ஜிப்புக்குக் காரணம் சளி அல்ல என்று அவனுக்கு இப்போது புரிந்திருக்கும். மாலக்கி கீழே பார்த்துக்கொண்டார்.

இடைவேளையில் டெஸ்ஸி மைக்கோடு நடுவட்டத்துக்குப் போனார். ஓரன் வந்து நின்றதும் கைதட்டல் வானைப் பிளந்தது. அதோடு விட்டார்களா? கொட்டகைக்காரர்களின் பின்வரிசை பாட ஆரம்பித்தது. "கப்பல் எங்கே, கப்பல் எங்கே, ஓரன் உன்னோட கப்பல் எங்கே?" ஒரு பயல் இல்லாத கோட்டின் ஜிப்பை ஏற்றி இறக்கிக் காட்டினான். அறுநூறு பேரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். அவர்கள் யாரையும் புண்படுத்தவில்லை. ஒரு பொய்யை எல்லோருமாகச் சேர்ந்து மன்னித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊரே கேக்குது ஓரன்," என்றார் டெஸ்ஸி, குரலில் குறும்போடு. "நம்ம ஆளுங்ககிட்ட மறைக்காத. அந்தக் கப்பல் கதை நெசமா, இல்ல எழுதிக் குடுத்தாங்களா?"

மைக் ஓரன் கைக்கு வந்தது. மாலக்கி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சொல்லிவிடு என்று வேண்டிக்கொண்டார். சொல்லிவிடாதே என்றும் வேண்டிக்கொண்டார். எது முதலில் வந்தது என்று அவருக்குத் தெரியும், அதைப் பிறகு யாரிடமும் அவர் சொல்லப்போவதில்லை.

ஓரன் ஒரு தடவை மூச்சு விட்டது கூரையிலிருந்த எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்டது.

"எழுதித்தான் குடுத்தாங்க," என்றான். "எங்கப்பாவுக்குக் கடல்னாலே ஆகாது."

கொட்டகை வெடித்தது. "நம்ம பையன்டா!" என்று கத்தினார்கள். யார் யாரோ மாலக்கியின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள், ஒருவர் தலையைக் கலைத்துவிட்டார். அவர்களுக்கு நடுவிலிருந்து அவர் மூலைக் கொடியைப் பார்த்தார். கோல்மனின் கையில் மலர் விரிந்திருந்தது. அவசரமில்லாமல் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். வேலிக் கம்பியில் செருகினார். மாலக்கியின் பக்கம் திரும்பாமல், கோணலான கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, வாசலை நோக்கி நடந்தார். கூப்பிட்டிருந்தால் காதில் விழும் தூரம்தான். மாலக்கி கூப்பிடவில்லை.

ஓரன் எல்லைக் கோட்டோரமாகவே நடந்து, நீட்டிய கைகளையெல்லாம் தட்டிக்கொடுத்து, புகைப்படத்துக்கு நின்று, கடைசியில் அப்பாவிடம் வந்து சேர்ந்தான். கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றான். டெஸ்ஸி மைக்கைப் புல்லிலேயே வைத்துவிட்டு, தூரத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அது பத்தடி தூரத்தில்தான் கிடந்தது. இரண்டாம் பாதிக்கு அணிகள் இன்னும் வரவில்லை.

"ஓரன்," என்றார் மாலக்கி.

"விடுப்பா."

கொட்டகைக்காரர்கள் வெயிலுக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்கள். சிலர் சட்டையே போடவில்லை. ஓரன் மட்டும் கோட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றியிருந்தான். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"வேர்க்குதேடா," என்றார் மாலக்கி. "கழட்டேன்."

"இருக்கட்டும்," என்றான் ஓரன். அப்பாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "ஹோலிஹெட் இன்னும் வரலையே."

அணிகள் வெளியே ஓடிவந்தன. அவன் திரும்பி, முகவாயைக் காலருக்குள் புதைத்துக்கொண்டு, எட்டு வயதில் நின்ற மாதிரியே கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு மைதானத்தைப் பார்த்து நின்றான். மாலக்கியின் கை கம்பிக்கு மேலாக அந்த ஜிப்பை நோக்கிக் கொஞ்ச தூரம் போயிருந்தது.